முப்பத்தொன்றாவது கிலோமீட்டர்

கிரீச்.

மூன்று மிதிக்கு ஒரு தரம். தெய்வநாயகம் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு மறுபடியும் கேட்டான். திரையில் பிரான்சு தேசத்து ஆற்றங்கரைப் பாதை ஓடிக்கொண்டிருந்தது. இடது பக்கம் பாசி நிறத்தில் தண்ணீர், வலது பக்கம் வரிசை பிசகாத பாப்ளர் மரங்கள், நடுவில் கார், லாரி, மோட்டார் சைக்கிள் எதுவுமே வரக்கூடாத வழவழப்பான மண்தடம். அதன்மேல் வினோத்குமார் புத்தம்புது சைக்கிளில் போய்க்கொண்டிருந்தான். அந்தச் சைக்கிள் பூனை மாதிரி போகும், மூச்சுக்கூட விடாது. கிரீச் போடுகிற சைக்கிள் எது என்று தெய்வநாயகத்துக்குத் தெரியும். செயின் மூடி நசுங்கிப்போன அவனுடைய பச்சை சைக்கிள்தான். அது கீழே மாடிப்படிக்கு அடியில், ஹேண்டில்பாரில் மஞ்சள் சாப்பாட்டுப் பை தொங்க, சும்மா நின்றுகொண்டிருந்தது.

ஏதோ லைன் கோளாறு என்று விட்டுவிட்டான். உண்மையைச் சொன்னால், சத்தத்தைப் பற்றி யோசிக்க அவன் மனசில் இடமே இல்லை. மனசு முழுக்க வினோத்குமார்தான் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தான்.

எட்டு வருஷமாக இதே நாற்காலி. புதுச்சேரிக் கடற்கரைக்குப் பின்னால் இரண்டாவது தெருவில், பழைய வெள்ளைக்காரன் வீட்டு மாடியில் ஒரு அறை. பிரான்சில் சைக்கிள் சுற்றுலா நடத்தும் ஒரு கம்பெனிக்கு இங்கிருந்து வழி எழுதிக் கொடுப்பதுதான் வேலை. எந்த கிலோமீட்டரில் மதகு, எங்கே குடிதண்ணீர்க் குழாய், எந்த வளைவில் பழைய ரயில் பாலம் என்று செயற்கைக்கோள் படத்தையும் பழைய வரைபடத்தையும் பார்த்துப் பார்த்து வரி வரியாக எழுத வேண்டும். குருசுக்குப்பத்து மீன்காரி மகன், சென்னை விமான நிலையத்தை வெளியிலிருந்துதான் பார்த்திருக்கிறான். ஆனால் அந்த ஆற்றுப் பள்ளத்தாக்கு அவனுக்கு அத்துப்படி. எந்த மதகுக்காரர் வீட்டு வாசலில் நீல நிறக் கதவு என்றுகூடச் சொல்லுவான்.

இந்தப் புது வழி அறுபது கிலோமீட்டர். வரைந்து முடிக்க ஒன்றரை வருஷம் ஆனது. சுற்றுலாக்காரர்களை அனுப்புவதற்கு முன்னால் ஒருத்தர் நேரில் ஓட்டிப் பார்க்க வேண்டும். தன்னைத்தான் அனுப்புவார்கள் என்று தெய்வநாயகம் புதிதாக ஷூகூட வாங்கி வைத்திருந்தான்.

முதலாளி செந்தமிழ்ச்செல்வி மேடம் வேறு மாதிரி நினைத்தார். "வினோத் போகட்டும் நாயகம். அவனுக்கு விசாவே வேணாம் பாருங்க."

வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகாத பயல். வரி எழுதவே தெய்வநாயகத்திடம்தான் கற்றுக்கொண்டான். ஆனால் அவன் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தா, சிப்பாய். குடும்பத்தில் எல்லோருக்கும் பிரெஞ்சு பாஸ்போர்ட். தாத்தா எங்கேயோ துப்பாக்கி தூக்கியதற்குப் பேரனுக்குப் பாப்ளர் மரமா? தெய்வநாயகத்துக்கு வயிறு எரிந்தது. சோறு இறங்கவில்லை. ஷூ டப்பாவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான்.

சோதனை ஓட்டத்துக்கு அந்த அலுவலகத்தில் ஒரு பழக்கம் உண்டு. வழியை வரைந்தவர் யாரோ அவரே எல்லா வரிகளையும் தன் குரலில் பேசிப் பதிவு செய்து கொடுக்க வேண்டும். அந்தந்த இடம் வந்ததும் அந்தந்த வரி ஓட்டுகிறவன் காதில் தானாகப் பேசும். ஓட்டுகிறவன் வேறு எதையும் பார்க்கக் கூடாது, குரல் சொன்னபடிதான் போக வேண்டும். அப்போதுதான் வரியில் தப்பு இருந்தால் தெரியும். தெய்வநாயகம் நூற்று நாற்பத்திரண்டு வரி பேசினான். ஒவ்வொரு வரியையும் தானே அங்கே போகிற மாதிரி நினைத்துக்கொண்டே பேசினான். அப்படி ஒரு ஆசை. அப்படி ஒரு ஆத்திரம். பேசி முடித்தபோது தொண்டை கரகரத்தது.

ஓட்டத்தின் முதல் நாள் ராத்திரி வீட்டில் மனைவி அன்புசெல்வி, "இன்னாங்க, குரலு இப்படிக் கட்டிக்கிச்சு? ஐஸ் தண்ணி குடிச்சீங்களா?" என்றாள். மிளகுப் பால் காய்ச்சிக் கொடுத்தாள். அதற்கும் தொண்டை சரியாகவில்லை.

இரண்டாம் நாள், வினோத்குமார் நீலக் கதவு வீட்டைத் தாண்டினான். அவன் சைக்கிளில் முன்னால் ஒரு கேமரா, சீட்டுக்கு அடியில் பின்பக்கம் பார்க்கிற மாதிரி ஒன்று. இரண்டு படமும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் நேரலையில் வரும். அவன் காதில் கேட்பது இங்கேயும் கேட்கும்.

"மதகுக்காரர் வீடு. வலது பக்கம் ஒடிச்சிப் போ," என்றது தெய்வநாயகத்தின் குரல். கொஞ்சம் பொறுத்து, தாழ்வாக, "எல்லாத்தயும் நல்லா பாத்துக்கோ."

தெய்வநாயகம் நிமிர்ந்து உட்கார்ந்தான். அந்தக் கடைசி வாக்கியத்தை அவன் பேசவே இல்லை. பதிவை எடுத்துப் போட்டுப் பார்த்தான். வலது பக்கம் ஒடிச்சிப் போ. அவ்வளவுதான் இருந்தது.

"பாத்துக்கினுதாண்ணா போறேன்!" வினோத்குமார் காற்றோடு சிரித்தான். "இங்க காத்தே வேற மாதிரி இருக்குண்ணா. தண்ணி வாசன, புல்லு வாசன... நீங்க ஒரு தபா வந்தே ஆவணும்."

வந்தே ஆவணுமாம். தெய்வநாயகம் பல்லைக் கடித்தான்.

அன்று சாயங்காலம்தான் அந்தக் கடிதம் வந்தது. பாதை போகிற ஓர் ஊரின் மேரியிலிருந்து, அதாவது அந்த ஊர் முனிசிபாலிட்டியிலிருந்து. போன வார மழையில் முப்பத்தொன்றாவது கிலோமீட்டரில் கரையை அடியோடு ஆறு அரித்துவிட்டது. மேலே புல் மூடியிருப்பதால் பார்த்தால் தெரியாது. பலகை இன்னும் வைக்கவில்லை. யாரையும் அனுப்பாதீர்கள்.

மூன்று தரம் படித்தான். அந்த இடத்துக்கு அவன் பேசி வைத்த வரி, "நேரா போ. ஒண்ணும் பயமில்ல." அதை மாற்றிப் பேச வேண்டும், இரண்டு நிமிஷ வேலை. தொண்டை சரியில்லையே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மேடத்துக்குச் சொல்லலாம். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம். வினோத்குமார் கால் ஒடிந்து, கட்டுப் போட்டு, நொண்டிக்கொண்டே விமானம் இறங்கி வருவதை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தான். நினைக்க நன்றாக இருந்தது. கடிதத்தை மூடினான்.

மூன்றாம் நாள் காலையில் அவனுக்குக் காற்றுதான் வந்தது, பேச்சு வரவில்லை. மேடத்திடம் சைகை காட்டிச் சிரித்து வைத்தான். கடிதத்தைப் பற்றி எழுதிக் காட்டியிருக்கலாம். எழுதிக் காட்டவில்லை.

ஒரு மணிக்கு மேடம் சாப்பிடப் போனார். கீழ்க்கதவை அவன்தான் உள்ளே தாழ்ப்பாள் போட்டான். ஒன்றிலிருந்து நான்கு வரை அந்தத் தெருவில் ஈ காக்கை இருக்காது. கடைகளின் இரும்புக் கதவுகள் இறங்கிவிட்டன. காகிதப்பூ உதிர்ந்த மஞ்சள் சுவர்களில் வெயில் அப்பிக் கிடந்தது. எங்கோ ஒரு ஜன்னல் மட்டும் காற்றில் மெல்ல மோதி மோதி ஓய்ந்தது. மின்விசிறி சுற்றியது. அங்கே பிரான்சில் இன்னும் காலை வெயில். வினோத்குமார் இருபத்து நான்காவது கிலோமீட்டரில் சீட்டியடித்துக்கொண்டு போனான்.

கிரீச்.

இந்தத் தரம் சத்தம் கிட்டத்தில் கேட்டது. பின்பக்கக் கேமராவில் பாதை சுருண்டு விலகிக்கொண்டே போனது. கடைசி வளைவில், மரநிழலுக்கு உள்ளே, ஏதோ ஒன்று அசைந்தது. இன்னொரு சைக்கிள்காரன். இருக்கட்டும், யாராவது அந்த ஊர்க்காரனாக இருக்கும். ஆனால் ஹேண்டில்பாரில் மஞ்சளாக ஏதோ ஆடியது.

தெய்வநாயகம் திரைக்குக் கிட்டே குனிந்தான். அறைக்குள் ஈர மண் வாசனை, அழுகிய இலை வாசனை. புதுச்சேரியில் மழை பெய்து இரண்டு மாதம் ஆயிற்று.

எழுந்து போய் மாடிப்படிக் கைப்பிடி வழியாகக் கீழே எட்டிப் பார்த்தான். தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. படிக்கு அடியில் சைக்கிள் இல்லை. அது நின்ற இடத்தில் எண்ணெய்ச் சொட்டு மட்டும் இருந்தது.

ஓடி வந்தான். திரையில் இருபத்தெட்டாவது கிலோமீட்டர்.

"வேகமா போ," என்றது காதில் அவன் குரல். பேசாத வரி. கரகரப்பு ஒன்றும் இல்லாமல், திடமாக இருந்தது. "நல்ல பாதை. வண்டி கிண்டி எதுவும் வராது."

"சரிண்ணா!"

பின்பக்கப் படத்தில் அந்த ஆள் நிழலை விட்டு வெளியே வந்தான். பச்சை சைக்கிள். கட்டம் போட்ட நீலச் சட்டை. தெய்வநாயகம் குனிந்து தன் சட்டையைப் பார்த்துக்கொண்டான்.

அதே கட்டம்.

ஐயோ. வேண்டாம். பொறாமைதான் பட்டேன், ஆமாம் பட்டேன், ஆனால் இது வேண்டாம். 'நில்லு, கரை இல்ல' என்று போனில் அடித்து அனுப்பினான். ஓட்டுகிறவன் படிக்கவில்லை. முப்பது. அழைத்தான்.

திரைக்குள் வினோத்குமாரின் போன் அடித்தது. ஹேண்டில்பாரில் மாட்டியிருந்த போன். பெயர் மின்னியது. சைக்கிள் மெதுவானது. நில்லுடா. என் ராசா, நில்லு.

"இன்னாண்ணா, காதுலயும் பேசுறீங்க, போன்லயும் கூப்புடுறீங்க?"

"எடுக்காத," என்றது குரல். "நேரா போ. ஒண்ணும் பயமில்ல."

வினோத்குமார் சிரித்தான். மிதித்தான்.

பச்சைப் புல். புல் மடங்கியது. வானம். வேர். தண்ணீர்.

பின்பக்கப் படம் கறுத்தது. முன்பக்கக் கேமரா எங்கோ சிக்கிக்கொண்டு, பாதி தண்ணீரும் பாதி வெளிச்சமுமாக மேலே பார்த்தது. செங்குத்தான மண். விளிம்பிலே தெறித்து விழுந்த போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. கீழே ஒரு வேரை ஒரு கை பிடித்திருந்தது.

கிரீச். கிரீச்.

டக் என்று ஸ்டாண்டு போடும் சத்தம். விளிம்பில் இரண்டு கால்கள் வந்து நின்றன. காலில் ஷூ. கட்டிலுக்கு அடியில் டப்பாவில் இருக்க வேண்டிய ஷூ. கட்டம் போட்ட சட்டை குனிந்து போனை எடுத்தது.

"அலோ," என்றது தெய்வநாயகத்தின் காதில் தெய்வநாயகத்தின் குரல். "யாரு?"

தெய்வநாயகம் வாயைத் திறந்தான். அவனைத் தூக்கு, கையைப் பிடி, என்று கத்தினான். காற்று வந்தது. வெறும் காற்று.

"அண்ணா! வந்துட்டீங்களா! கைய குடுங்கண்ணா," கீழேயிருந்து வினோத்குமார் திணறினான். "கைய குடுங்கண்ணா..."

விளிம்பிலிருந்த முகம் அந்தக் கையையே பார்த்தது. அவனுடைய முகம்தான். நேற்றுச் சாயங்காலம் ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தபோது இருந்த முகம்.

"யாரும் பேசலயே," என்றது. போனை அணைக்காமலே சட்டைப் பையில் போட்டுக்கொண்டது.

ஸ்டாண்டு விலகியது. மின்விசிறி சுற்றுகிற அந்த அறையில், தெய்வநாயகம் வாயைப் பிளந்தபடி நின்றான். ஜன்னலுக்குக் கீழே தெரு ஆளில்லாமல் கிடந்தது. திரையில் வேரைப் பிடித்த கையின் விரல்கள் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டிருந்தன. காதில், துணிக்கு உள்ளிருந்து, இலைகள் சலசலத்தன, மண்தடம் நறநறத்தது, ஒருத்தன் ஆனந்தமாக மூச்சு இழுத்துவிட்டான்.

"முப்பத்திரண்டாவது கிலோமீட்டர்," என்றது குரல். "இடது பக்கம் குடிதண்ணிக் கொழாய். நல்ல நெழலு."

கிரீச்.