மயில்களுக்குப் பழகாத சத்தம்

பாண்டிச்செல்வியின் அப்பா கடலைக் காட்டில் மயில்களை விரட்ட ஒலிபெருக்கி கட்டிய மூன்றாம் நாள், ஒரு மயில் அதன் மேலேயே ஏறி நின்று இறகைக் கோதிக்கொண்டிருந்தது.

முதல் நாள் கொட்டுச் சத்தம் கேட்டதும் மயில்கள் அலறிப் பறந்தன. இரண்டாம் நாள் தலையைத் தூக்கிப் பார்த்தன. மூன்றாம் நாள் கண்டுகொள்ளவே இல்லை. ஊன்றிய விதைக்கடலையை நிதானமாகக் கிளறித் தின்றன.

பக்கத்துக் காட்டு ஆவுடையப்பன் மாமா வரப்பில் நின்று பல்லைக் கடித்தார்.

"ரெண்டு மூடை விதை போச்சு. மருந்து வாங்கிட்டேன். திங்கக்கெழம வைக்கப் போறேன்."

பாண்டிச்செல்வி வரப்புக்கு ஓடிவந்தாள். "வேணாம் மாமா! அதுக செத்துப் போயிரும்."

"அப்ப, எங்க மாமா காட்டுக்கு வராதீங்கன்னு நீ போயி அதுககிட்டப் பேசு தாயி."

"பேசுறேன். ஞாயித்துக்கெழம வரைக்கும் பொறுங்க."

அவள் ஏழாம் வகுப்பு. மனதில் ஒரு யோசனை இருந்தது. ஒரே சத்தம் திரும்பத் திரும்ப வந்ததால்தானே மயில்கள் பழகிக்கொண்டன? ஒவ்வொரு முறையும் புதுச் சத்தம் வந்தால்?

சத்தங்களை உருவாக்கவென்றே ஒரு நிரல்மொழி இருப்பதைப் பள்ளிக் கணினி அறையில் கேள்விப்பட்டிருந்தாள். 'இப்படி ஒலி, நடுநடுவே உன் இஷ்டம்போல் மாற்றிக்கொள்' என்று அந்த மொழியில் நாலு வரி எழுதினால் போதும். கம்பைலர் என்ற மென்பொருள் அந்த வரிகளைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தரும்.

சனிக்கிழமை காலை, கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் அண்ணன் விட்டுப்போன பழைய மடிக்கணினியைத் திறந்தாள். தோழி முஹ்சினாவும் வந்து சேர்ந்தாள். இருவரும் அந்த மொழியின் இணையப் பக்கத்தைப் படித்தார்கள்.

"போச்சு. இம்புட்டுப் பழைய கம்ப்யூட்டருக்கு ரெடிமேடா கெடைக்காதாம்," என்றாள் முஹ்சினா. "மூல நிரலத்தான் தருவாங்களாம். கம்பைலர நாமளே கட்டிக்கணுமாம்."

"இட்லி இல்ல, அரிசியும் உளுந்தும்தான் இருக்குங்குறாங்க. விடு, ஆட்டிக்குவோம்."

மூல நிரல் வந்து இறங்கியது. பக்கத்தில் சொல்லியிருந்த கட்டளையைத் தட்டினாள். திரையில் சிவப்பு எழுத்துகள் வந்தன.

"லைப்ரரி ஒன்னக் காணோமாம் செல்வி."

"கடைத்தெருவுல இருக்கே லைப்ரரி!" என்று அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "இன்னைக்குத் தொறந்திருக்குமே!"

இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "அது இல்லம்மா! சத்தத்த ஸ்பீக்கருக்கு அனுப்புறதுக்கு ஒரு மென்பொருள் வேணும். அதுக்கும் பேரு லைப்ரரிதான்."

சிவப்பு வரியை வார்த்தை வார்த்தையாகப் படித்து, காணாமல் போனதன் பெயரைக் கண்டுபிடித்து இறக்கினார்கள். மறுபடி கட்டளை. இப்போது பத்து சதவீதம், இருபது, முப்பது என்று ஏறியது. முப்பத்தெட்டில் அப்படியே நின்றுவிட்டது. சுட்டிகூட அசையவில்லை.

அணைத்துப் போட்டார்கள். மறுபடி முப்பத்தெட்டு. இன்னொரு முறையும் அதே கதை.

"இதுக்கு ஆயுசு முடிஞ்சுபோச்சு," என்றாள் முஹ்சினா.

பாண்டிச்செல்விக்குத் திங்கட்கிழமை ஞாபகம் வந்தது.

அதே நேரம் அடுப்படியில் ஒரே அமளி. அப்பா சோறு கேட்டார். தம்பி சட்டைப் பட்டனை நீட்டினான். வாசலில் பால்காரர் கூப்பிட்டார். அடுப்பில் சோற்றுக்கான வெஞ்சனம் தீய்ந்தது.

"எனக்கென்ன நாலு கையா இருக்கு? ஒவ்வொன்னாச் சொல்லுங்க!" என்று கத்தினாள் அம்மா.

பாண்டிச்செல்வி கட்டளையை உற்றுப் பார்த்தாள். அதன் கடைசியில் நான்கு என்ற எண் இருந்தது.

"முஹ்சினா! நாலு வேலைய ஒரே நேரத்துல பாருன்னு நாமதான் சொல்லிருக்கோம். பாவம், இதுக்கு அம்புட்டு மெமரி ஏது?"

முதலில் எழுந்து போய்த் தம்பியின் பட்டனைத் தைத்துக் கொடுத்தாள். பிறகு வந்து, நான்கை அழித்து ஒன்று என்று போட்டாள்.

கணினி மெல்ல மெல்ல நகர்ந்தது. இருவரும் சாப்பிட்டுக் கை கழுவி வந்தபோது முப்பத்தேழு. மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது!

மாலை நான்கு மணிக்கு நூறு. கம்பைலரை நிறுவி முதல் நிரலை ஓட்டினார்கள். எருமை ஏப்பம் விட்டதுபோல ஒரு சத்தம் வந்தது. அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள். இரண்டு எண்களை மாற்றியதும் தகரம் தட்டும் சத்தம், பிறகு கைதட்டல், பிறகு எதிலும் சேராத ஏதோ ஒன்று.

ஞாயிறு விடிந்ததும் மோட்டார் ரூமில் கணினியை வைத்து, ஒலிபெருக்கியோடு இணைத்தார்கள். மாமாவும் வந்து நின்றார். மயில்கள் இறங்கின. 'டங்!' பறந்தன. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தன. 'கிர்ர்ரீச்!' மறுபடி பறந்தன. பொழுது சாயும்வரை ஒன்றுகூடக் காட்டில் நிலைத்து நிற்கவில்லை. கரட்டுக் குன்றுப் பக்கம் போய்விட்டன.

"மருந்து டப்பாவக் கடையிலயே திருப்பிக் குடுத்துட்டு வாரேன்," என்று மாமா வண்டியை எடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் பாண்டிச்செல்வி அந்த இணையப் பக்கத்தின் அடியில் ஒரு குறிப்பு எழுதினாள். முஹ்சினா அதை ஆங்கிலமாக்கினாள். 'பழைய கணினி என்றால் நான்குக்குப் பதில் ஒன்று போடுங்கள். மெதுவாகத்தான் நடக்கும், ஆனால் முடிந்துவிடும்.'

புதன்கிழமை ஒரு பதில் வந்திருந்தது. 'மூன்று நாளாகத் திணறிக்கொண்டிருந்தேன். இப்போது நூறு! நன்றி.'

"யாருடி அது?" என்று அம்மா எட்டிப் பார்த்தாள்.

"தெரியலம்மா," என்றாள் பாண்டிச்செல்வி, முகமெல்லாம் சிரிப்பாக. "எங்கயோ ஒரு ஊர்ல, நம்மள மாதிரியே பழைய கம்ப்யூட்டர் வச்சிருக்குற யாரோ."