ஒரு மணிக்கு வருகிறவள்

நான்காவது கேமராவை அப்பாவின் அறையில் அலமாரிக்கு மேலே திருகி முடித்து, ஸ்டூலிலிருந்து இறங்கி, கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே அவள் மூன்று முறை நடந்து பார்த்தாள். ஆள் நடமாடினால் போன் திரையில் ஆளைச் சுற்றிப் பச்சை நிறத்தில் ஒரு கட்டம் விழவேண்டும். வாசலிலும் ஹாலிலும் சமையலறையிலும் ஒழுங்காக விழுந்தது. இங்கே படுத்திருக்கும் அப்பாவைச் சுற்றி ஒரு கட்டம் நின்றது. பக்கத்தில் நடந்துகொண்டிருந்தவளை மட்டும் கேமரா ஜன்னல் திரையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்னை மனுஷியாவே சேத்துக்க மாட்டேங்குதுண்ணா," என்றாள் போனில்.

இரண்டு விமானம் மாறிப் போகிற தூரத்தில் அண்ணன் சிரித்தான். "ஆங்கிள் சரியில்ல சின்னி. கொஞ்சம் கீழ சாய்."

சாய்த்தாள். மறுபடி நடந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியான வெயில் ஜன்னல் வழியாகத் தரையில் படுத்திருந்தது. டெட்டால் வாசனை, துவைத்தும் போகாத மூத்திர வாசனை, புதுப் பிளாஸ்டிக்கின் வாசனை. ஸ்டூலில் ஏறி இறங்கி முழங்கால் வலித்தது. வலி என்று சொல்ல அலுப்பாக இருந்ததால் சொல்லவில்லை.

கேமராக்கள் நான்கையும் அண்ணன்தான் அனுப்பியிருந்தான். மாட்டுவது அவள் வேலை. காலையிலிருந்து அதுதான் நடந்தது. ஒவ்வொன்றையும் மின்சாரத்தில் செருகி, பெட்டியிலிருந்த க்யூஆர் கோடைப் போனில் படம்பிடித்து, வைஃபை பாஸ்வேர்டைத் தட்டி, அது 'இணைக்கப்பட்டது' என்று சொல்லும்வரை காத்திருந்து, பிறகு ரவுட்டருக்குள் போய் ஒவ்வொன்றுக்கும் மாறாத எண் ஒன்று கொடுக்கவேண்டும். ஒரே தெருவில் நாலு வீட்டுக்கு நாலு கதவு எண் மாதிரி என்றான் அண்ணன். எண் மாறினால் எது எங்கே என்று போனுக்குத் தெரியாமல் போய்விடுமாம். நூற்றியொன்று வாசல், நூற்றிரண்டு ஹால், நூற்றிமூன்று சமையலறை, நூற்றிநான்கு அப்பா. மாத்திரை அட்டைப்பெட்டியின் பின்புறம் எழுதிவைத்தாள். ரவுட்டர் ஹாலில் டிவிக்குப் பின்னால் இருந்தது. அங்கிருந்து இரண்டு சுவர் தாண்டவேண்டியிருந்ததால் நூற்றிநான்கு மட்டும் அறுந்து அறுந்து போனது. நடைவழியில் சிக்னலை வாங்கித் தள்ளிவிடும் ஒரு ரிப்பீட்டரைச் செருகிய பிறகுதான் நிலைத்தது.

அப்பா பக்கவாதத்தில் விழுந்து எட்டு மாதமாகிறது. வலது கையும் காலும் வராது, பேச்சு குழறும், ஒரு வாய் விழுங்கப் பத்து நிமிடமாகும். அவள் கூரியர் அலுவலகத்தில் புகார்களுக்குப் பதில் சொல்கிறவள். காலையிலிருந்து சாயங்காலம் வரை பொறுமையாகப் பேசுவதற்குத்தான் சம்பளம். வீடு வந்து சேரும்போது கையிலிருந்த பொறுமையெல்லாம் தீர்ந்துபோயிருக்கும். இருந்த லீவும் முடிந்துவிட்டது. நாளை முதல் பகலில் நர்சக்கா வந்து பார்த்துக்கொள்வாள், அவளைக் கேமரா பார்த்துக்கொள்ளும் என்று ஏற்பாடு.

இன்று காலைகூட அப்பா வாயை இறுக்கி மூடிக்கொண்டார். கரண்டியைத் தள்ளிவிட்டார். அவள் கிண்ணத்தை டங்கென்று வைத்து, "என்னால முடியலப்பா. வேற யாராவது வந்து ஊட்டட்டும்," என்று கத்திவிட்டு, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

"இப்ப வந்துடுச்சு பாரு," என்றான் அண்ணன்.

போனைப் பார்த்தாள். இரண்டாவது கட்டம் விழுந்திருந்தது. அவள் நின்ற இடத்தில் இல்லை. கட்டிலை ஒட்டிப் போட்டிருந்த காலி நாற்காலியைச் சுற்றி, உட்கார்ந்திருக்கும் ஓர் ஆளின் உயரத்துக்கு.

"அண்ணா, அது நாற்காலி."

"நாற்காலிய ஆளுன்னு நினைச்சுக்குது. போகப் போகக் கத்துக்கும். விடு."

விட்டாள். எதையும் துருவிப் பார்க்கிற தெம்பு அவளிடம் இல்லை.

மறுநாள் அலுவலகத்தில், பார்சல் நனைந்துபோனதற்காக ஒருவர் அவளைத் திட்டிக்கொண்டிருக்கும்போது மேஜைமேல் போன் அதிர்ந்தது. ஒரு மணி. 'வாசல்: நடமாட்டம்.' திட்டுகிறவருக்கு ம் கொட்டிக்கொண்டே திறந்தாள். படிக்கட்டுத் தளம் காலியாக இருந்தது. கதவு திறந்தது. நர்சக்கா எட்டிப் பார்த்தாள், சிரித்தாள், ஏதோ சொன்னாள், ஒதுங்கி வழிவிட்டாள். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு, கதவுப் பக்கம் திரும்பித் தலையாட்டிவிட்டுப் படியிறங்கிப் போனாள். அவள் பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

யாருமில்லாத வீட்டில் அப்பா.

நூற்றிநான்கைத் திறந்தாள். அப்பா தலையணையில் சாய்ந்திருந்தார். நாற்காலியைச் சுற்றிப் பச்சைக் கட்டம். அப்பா அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பி வாயைத் திறந்தார். மூடினார். மென்றார். நிதானமாக விழுங்கினார். மறுபடி திறந்தார்.

எட்டு மாதத்தில் அவர் இவ்வளவு ஒழுங்காகச் சாப்பிட்டு அவள் பார்த்ததில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு ஓடி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நர்சக்காவைப் பிடித்தாள். "அவரைத் தனியா விட்டுட்டு எங்கக்கா போனீங்க?"

நர்சக்கா விழித்தாள். "நீங்கதானேம்மா போகச் சொன்னீங்க? ஒரு மணிக்கு வந்து, நான் ஊட்டறேன், நீங்க கொஞ்சம் காலாற நடந்துட்டு வாங்கன்னு சொன்னீங்களே."

"நானா?"

"பின்ன யாரு? நல்லா சிரிச்ச முகமா இருந்தீங்க. இப்ப என்னம்மா ஆச்சு, மூஞ்சி இப்படி வாடிக் கிடக்குது?"

கிண்ணம் சுத்தமாகக் கழுவிக் கவிழ்த்திருந்தது. அப்பாவின் தலை வாரியிருந்தது, நகம் வெட்டியிருந்தது. இரவுச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தபோது அவர் வாயை இறுக்கிக்கொண்டார். பிறகு குழறலாக, ஒவ்வொரு சொல்லாக, "மத்தியானம் நல்லா ஊட்டினியேம்மா. இப்ப ஏன் அவசரப்படறே," என்றார்.

அவள் நூற்றிநான்கை அழித்துவிட்டு மறுபடி சேர்த்தாள். பாஸ்வேர்டை மாற்றினாள். அண்ணன் அங்கிருந்தே ரவுட்டரை ஆராய்ந்து, வீட்டு வைஃபையில் நான்கு கேமராவும் உன் போனும் தவிர வேறு ஒன்றுமே இல்லை, எவனும் உள்ளே நுழையவில்லை என்றான். அவள் கேட்க நினைத்தது அது இல்லை. எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமையும் ஒரு மணிக்கு வாசல் கதவு திறந்தது. நர்சக்கா வெறும் தளத்தைப் பார்த்துச் சிரித்தாள். அன்று நாற்காலியில் ஒரு நிழல் இருந்தது, கண்ணாடியில் மூச்சு படிந்த மாதிரி. அப்பா அதைப் பார்த்துச் சிரித்தார்; பாதி முகத்தால்தான் என்றாலும் அந்தச் சிரிப்பை அவள் எட்டு மாதமாகப் பார்க்கவில்லை.

அப்போதே எழுந்து ஓடியிருக்கலாம். நர்சக்காவை நிறுத்தியிருக்கலாம், அப்பாவை வேறு எங்காவது கொண்டுபோயிருக்கலாம், அண்ணனிடம் அழுதிருக்கலாம். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்த அழைப்பை எடுத்தாள். அப்பா சாப்பிடுகிறார். யாரோ ஊட்டுகிறார்கள். அந்த ஒரு மணி நேரம் அவளுடையது இல்லை. அந்த நினைப்பு, வெகுநேரம் தூக்கிவந்த குடத்தை யாரோ இடுப்பிலிருந்து வாங்கிக்கொண்டதுபோல இருந்தது. அன்று அவள் எட்டு மணிக்கே படுத்து, விடியும்வரை புரளாமல் தூங்கினாள்.

புதன்கிழமை காலை அண்ணன் ஹால் கேமரா வழியாகப் பேசினான். "ஏன் சின்னி, மங்கலாத் தெரியறே? லென்ஸைத் துடை."

துடைத்தாள். மற்றதெல்லாம் கூர்மையாகத்தான் தெரிந்தது, சோபாவின் தையல்கூட. அவள் மட்டும் ஈரத் துணியால் அழித்த கரும்பலகை மாதிரி இருந்தாள்.

வியாழக்கிழமை அலுவலகத்தின் தானியங்கிக் கதவு அவளுக்குத் திறக்கவில்லை. பின்னால் வந்த டீக்கடைக்காரருக்குத் திறந்தது. அவருடன் ஒட்டிக்கொண்டு நுழைந்தாள். பக்கத்து இருக்கைக்காரி அவள் மேஜைமேல் தன் பைகளைப் பரப்பிவிட்டு, அவள் இரண்டு தடவை செருமிய பிறகு திடுக்கிட்டு, "ஐயோ, நீங்க இருக்கீங்களா?" என்றாள். இவளுக்குக் கோபம்கூட வரவில்லை. அசதி என்று நினைத்தாள். தூங்கத் தூங்க இன்னும் தூக்கம் வந்தது.

வெள்ளிக்கிழமை ஒரு மணிக்குப் போன் அதிர்ந்தது.

நூற்றிநான்கு.

நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

நிழல் இல்லை, மங்கல் இல்லை. இன்று காலை இவள் உடுத்திய அதே நீலச் சட்டை, இஸ்திரி மடிப்பு கலையாமல். கண்ணுக்குக் கீழே கருவளையம் இல்லை. முதுகு நிமிர்ந்திருந்தது. ஒரு கையால் அப்பாவின் மோவாயைத் தாங்கி, மறு கையால் கரண்டியை உதட்டில் வைத்து, அவர் விழுங்கும்வரை அவசரமே இல்லாமல் காத்திருந்தாள். கேமராவின் ஸ்பீக்கரில் அண்ணனின் குரல் கேட்டது. அவனும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எவ்வளவு நல்லாப் பாத்துக்கறே சின்னி. உன் மூஞ்சியில இப்பத்தான் களை வந்திருக்கு."

நாற்காலிக்காரி நிமிர்ந்து கேமராவைப் பார்த்தாள். "எனக்கு இதுல என்னண்ணா கஷ்டம்?" என்றாள், இவள் குரலில்.

இவள் அலுவலக இருக்கையிலிருந்து எழுந்தாள். யாரிடமும் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் யாரும் திரும்பியிருக்கமாட்டார்கள். கை காட்டியும் முதல் பஸ் நிற்கவில்லை. இரண்டாவதும் நிற்கவில்லை. மத்தியான வெயிலில் பாதி ஓட்டமும் பாதி நடையுமாக வந்தாள். கட்டட வாசலில் காலாற நடந்துகொண்டிருந்த நர்சக்கா எதிரே வந்தாள்.

"அக்கா! அக்கா, உள்ள யாரு இருக்கா?"

நர்சக்கா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி, இவள் தோளை உரசிக்கொண்டு போனாள். உரசியதைக்கூட உணரவில்லை.

சாவியைப் போட்டாள். பூட்டு திரும்பியது. கதவு வரவில்லை. உள்ளே தாழ்.

காதைக் கதவில் வைத்தாள். கரண்டி கிண்ணத்தில் படும் சத்தம். நாற்காலி நகரும் சத்தம். மெல்லிய பேச்சு. அப்பாவின் சிரிப்பு.

"அப்பா!"

சிரிப்பு நின்றது.

போனில் நூற்றிநான்கைத் திறந்தாள். அப்பா தலையணையிலிருந்து தலையைத் தூக்கி, வாசல் பக்கம் திரும்பியிருந்தார்.

"யாரோ கூப்பிடற மாதிரி இருக்கும்மா."

"யாருப்பா கூப்பிடப் போறாங்க."

"உன் குரல் மாதிரி இருந்துச்சு."

"நான்தான் இங்க இருக்கேனே." அவள் அப்பாவின் வாயைத் துடைத்தாள். போர்வையை இழுத்துவிட்டாள். தட்டும் சத்தம் படத்தின் வழியாகவும் கேட்டது, ஒரு நொடி தாமதமாக. இவள் தட்டினாள். அங்கே கேட்டது. தட்டினாள். கேட்டது.

"யாரு சின்னி, இப்படிக் கதவை இடிக்கிறது?" அண்ணனின் குரல். "வாசல் கேமராவைப் பாரு."

நாற்காலிக்காரி ஒரு போனை எடுத்துப் பார்த்தாள். நிதானமாக. இவள் கையிலிருந்த போனிலும் படம் தானாக மாறியது.

நூற்றியொன்று. வாசல்.

படிக்கட்டுத் தளம். வெயில் ஒரு பட்டையாக விழுந்திருந்தது. கால்மிதி. மூடிய கதவு.

"அண்ணா!" என்று கத்தினாள். "அண்ணா, நான் இங்க இருக்கேன்!"

"யாரும் இல்லண்ணா," என்றது அவள் குரல், கதவுக்கு அந்தப் பக்கம். "காத்து."

இரண்டு கைகளாலும் இடித்தாள். தோளால் இடித்தாள். கை வலித்தது. மூச்சு முட்டியது. போன் கீழே விழுந்து, மல்லாந்து கிடந்தது.

திரையில் கதவு அதிர்ந்துகொண்டிருந்தது. நிலைக்கு மேலிருந்து சுண்ணாம்புத் தூள் உதிர்ந்தது. தாழ்ப்பாள் கடகடத்தது.

கதவுக்கு முன்னால் யாரும் இல்லை.