மூன்றாவது வெடி

சத்தியமாகச் சொல்கிறேன்: இனி வரப்போவதில் ஒரு சொல் பொய்யென்றாலும், நான் பூட்ஸோடு சதுப்பில் இடுப்பளவு இறங்கி, வேட்டைக் காலம் முடியும்வரை அங்கேயே நிற்கக் கடவேன். பாயூ த்ரிஸ்த் என்ற எங்கள் சதுப்பு ஊரில் இதைவிடப் பெரிய ஆணை கிடையாது.

நவம்பர் மாதம், வாத்து வேட்டை திறந்த முதல் காலை. ஒதிலோனின் துப்பாக்கி இரண்டு வெடி வெடித்துவிட்டு மூன்றாவதில் தொண்டை அடைத்துக்கொண்டது.

அது ஆட்டோ துப்பாக்கி. விசையை இழுத்தால் சுட்டுவிட்டு, வெறுங்கூட்டைத் தானே வெளியே துப்பி, அடுத்த தோட்டாவைத் தானே விழுங்கிக்கொள்ளும். வாத்துக்கு மூன்று தோட்டாவுக்கு மேல் சட்டம் இடம் தராது என்பதால், தோட்டாக்கள் நிற்கும் குழாய்க்குள் ஒரு மரக்கட்டை செருகியிருக்கும். மூன்றுக்கு மேல் அடம் பிடித்தாலும் ஏறாது. பத்து வருஷமாக ஒருநாளும் மக்கர் செய்யாத துப்பாக்கி. தோட்டாவை உள்ளே தள்ளி மூடும் போல்ட்டை ஒதிலோன் பின்னுக்கு இழுத்துப் பார்த்தான். உள்ளே பாதி வழியில் ஒரு தோட்டா சிக்கியிருந்தது. விரல் விட்டு நெம்பி எடுத்தான்.

அவன் போட்டவை மூன்றும் பச்சை பிளாஸ்டிக் தோட்டாக்கள். கையில் வந்தது சிவப்புக் காகிதத் தோட்டா. ஊறி, பருத்து, பித்தளை அடியில் களிம்பு ஏறி, பல நாள் தண்ணீரில் கிடந்த விரலைப் போல இருந்தது. அந்த மாதிரித் தோட்டா கடைகளில் இருந்தே போய் வருஷக்கணக்காகிறது.

ஒதிலோனுக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. அவனுக்கு எதற்கும் முதலில் கோபம்தான் வரும்; தும்மல் வந்தால்கூட மூக்கைத் திட்டுவான். இது யார் வேலை என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. கோடையில் துப்பாக்கியை இரவல் வாங்கிப்போனவன் அவன் மனைவியின் தம்பி வால்சேன். போன வருஷம் இவன் பூட்ஸுக்குள் உயிருள்ள நண்டு விட்டவனும் அவனே.

கேம்ப் என்று அவர்கள் சொல்வது சதுப்பின் நடுவே கம்பங்கள் மேல் நிற்கும் இரண்டு அறைத் தகர வீடு. ஒதிலோன் படியேறியதும் ஈரத் தோட்டாவை வால்சேனின் காப்பிக் கோப்பைக்குள் போட்டான்.

வால்சேன் அதை எட்டிப் பார்த்தான். "சர்க்கரை கேட்டேன் அத்தான். இது கரையாது போலிருக்கே."

"என் துப்பாக்கிய என்னடா பண்ணி வச்ச? மூணாவது வெடிக்கவே மாட்டேங்குது."

"தொடச்சுத்தானே குடுத்தேன். துப்பாக்கி நல்லாத்தான் இருக்கு. மூணாவது தடவ சுட உங்களுக்குத்தான் மனசு வரல."

அன்று மாலை முழுக்க ஒதிலோன் சாப்பாட்டு மேசையில் துப்பாக்கியைப் பிரித்துப் போட்டான். மண்ணெண்ணெய் வாசமும் அடுப்பில் காயும் வெங்காய வாசமும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ள, பாகம் பாகமாகத் துடைத்தான். வெறுங்கூட்டைப் பிடித்திழுக்கும் கொக்கி கூர்மையாக இருந்தது. குழாய் ஸ்பிரிங் நீளம் குறையவில்லை. பின்கட்டைக்குள் ஒளிந்திருக்கும் பெரிய ஸ்பிரிங்கில்தான் சதுப்புத் துப்பாக்கிகளுக்கு வழக்கமாகத் துரு பிடிக்கும். அது புதுக்காசு போல மின்னியது. எண்ணெய் கூடினாலும் வம்பு என்று ஒரு சொட்டு மட்டும் விட்டான். சுத்தமான துப்பாக்கியைப் பார்க்கப் பார்க்க அவனுக்குக் கோபம் கூடிக்கொண்டே போனது. ஒரே ஒரு துரு, ஒரே ஒரு உடைசல் இருந்திருந்தால் அவன் நிம்மதியாகத் தூங்கியிருப்பான்.

மறுநாள் தன் கையாலேயே மூன்று பச்சைத் தோட்டா போட்டான். இரண்டு வெடித்தன. மூன்றாவது, சிவப்புக் காகிதம். தன்னுடைய மூன்றாவது தோட்டாவைப் படகுத் தளத்தில், சட்டைப்பையில், பூட்ஸுக்குள்கூடத் தேடினான். காணவில்லை. நேற்றும் இப்படித்தான் ஒன்று குறைந்தது என்பது அப்போதுதான் உறைத்தது.

ஊருக்குப் போய்த் துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் கொடுத்தான். அவர் ஐம்பது தோட்டா சுட்டுப் பார்த்தார், ஒன்றுகூட மாட்டவில்லை. இதற்கு ஒரு நோயும் இல்லை, பிடிக்கிற ஆளுக்கு ஏதாவது இருக்கிறதா பாருங்கள் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். ஒதிலோன் தொப்பியைக் கழற்றிக் கடைவாசலில் போட்டு மிதித்தான்.

சிவப்புத் தோட்டாக்கள் இரண்டும் கேம்ப்பின் அடுப்பங்கரை ஜன்னலில் இருந்தன. மூன்று நாள் அடுப்பு அனலில் இருந்தும் அவை காயவில்லை. அடியில் சின்னதாகத் தண்ணீர் தேங்கும்; துடைத்தால் திரும்பவும் தேங்கும். சேறும் அழுகிய நாணலும் கலந்த வாசம் வீடு முழுக்க நின்றது. ஒதிலோனின் மனைவி அஸெலி, குழம்புச் சட்டியைக் கிண்டிக்கொண்டிருந்தவள், ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"ஏங்க, இது அப்பாவோட தோட்டா மாதிரியே இருக்கே. எங்க கெடச்சுது?"

ஒதிலோன் துப்பாக்கிக் குழலை எடுத்து மறுபடி துடைக்கத் தொடங்கினான்.

"ஆனா இதுல மெழுகே இல்ல. அப்பா மெழுகு தோய்க்காத தோட்டாவக் கையாலகூட தொடமாட்டாரே."

அவள் கையிலிருந்து அதைப் பிடுங்கினான். வாத்து தீயுது, போய்ப் பார் என்று கத்தினான். வாத்து தீயவில்லை. அஸெலி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வையைத்தான் இருபத்திரண்டு வருஷமாக வரவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தான் ஒதிலோன்.

காகிதத் தோட்டா காலத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள்: வேட்டைக்கு முன் மெழுகை உருக்கி, தோட்டாவின் தலையைத் தோய்த்து எடுப்பார்கள். ஈரம் ஏறாது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் அந்த வேலையைப் புது மருமகன் ஒதிலோனிடம் கொடுத்தார் மாமனார் தெயோஜேன். கொடுக்கும்போதே பத்துப்பேர் முன்னால், இந்தக் கைக்கு மெழுகுவர்த்தி பிடிக்கக்கூட லாயக்கில்லை என்றும் சொன்னார். ஒதிலோன் கோபத்தில் பெட்டியின் மேல்வரிசைக்கு மட்டும் மெழுகு தோய்த்தான். மேல்வரிசையில் மிச்சம் இருந்தவை இரண்டே. மற்றதெல்லாம் வெறும் காகிதம்.

மறுநாள் காலை தெயோஜேன் தனியாகப் போனார். ஆபத்தென்றால் மூன்று வெடி என்பது சதுப்பு முழுக்கத் தெரிந்த கணக்கு. ஒவ்வொரு வெடிக்கும் நடுவே ஒரு 'அருள் நிறைந்த மரியே' மந்திரம் சொல்லும் இடைவெளி விடுவார்கள். வாத்துக்குச் சுடுகிறவன் அப்படி நிறுத்தி நிதானமாகச் சுடமாட்டான். கேம்ப்பில் தட்டு முன் உட்கார்ந்திருந்த ஒதிலோனுக்கு முதல் வெடி கேட்டது. இடைவெளி. இரண்டாவது வெடி கேட்டது. அவன் மனசுக்குள் மந்திரத்தை முழுதாகச் சொல்லி முடித்தான். மூன்றாவது வரவில்லை. அப்பாவா என்று அஸெலி கேட்டாள். ரெண்டு வாத்து என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டான்.

படகு கிடைத்தது. சேற்றில் நட்டபடி நின்ற, படகு தள்ளும் கழி கிடைத்தது. ஆளும் துப்பாக்கியும் கிடைக்கவில்லை.

ஆகவே கோளாறு துப்பாக்கியில்தான் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் வால்சேனிடம். வேறு எங்கும் இருக்கக் கூடாது. அஸெலி இன்னொரு தடவை அந்தத் தோட்டாவைக் கையில் எடுப்பதற்குள் அதை நிரூபித்துவிட வேண்டும்.

அடுத்த விடியலுக்கு முன் ஒதிலோன் மூன்றே மூன்று பச்சைத் தோட்டா எடுத்தான். ஒவ்வொன்றிலும் கத்திமுனையால் ஒரு வட்டம் கீறினான், ஆங்கிலத்தில் தன் பெயரின் முதல் எழுத்து. வால்சேன் முன்னால் அவற்றைத் துப்பாக்கிக்குள் ஏற்றினான். திரும்பி வந்து மூன்றாவதைக் காட்டுகிறேன், அது மாறியிருந்தால் நீ மந்திரவாதி, உன்னைப் பங்குச் சாமியாரிடம் இழுத்துக்கொண்டு போகிறேன் என்றான்.

"பெட்டியோட எடுத்துட்டுப் போங்க அத்தான். மூணு பத்தாது."

"உன் மூஞ்சிக்கு மூணே அதிகம்."

"எக்கேடோ கெட்டுப் போங்க," என்றான் வால்சேன். அவன் சிரிக்காமல் பேசியது அது ஒன்றைத்தான்.

அன்றைய மூடுபனி சாதாரணப் பனி இல்லை. பாயூ என்ற எங்கள் சதுப்போடையில் அப்படிப் பனி இறங்கினால், நாய் இன்று குரைத்த சத்தம் நாளைக்குத்தான் கரைக்கு வந்து சேரும். எவனோ போன ஞாயிறு விட்ட ஏப்பத்துக்குச் செவ்வாய்க்கிழமை மன்னிப்புக் கேட்டதை ஊரே அறியும். ஒதிலோன் படகின் பின்முனையில் நின்று கழியை ஊன்றி ஊன்றித் தள்ளினான். கழி சேற்றை விட்டு வரும்போதெல்லாம் முத்தம் கொடுப்பது போன்ற ஒரு சத்தம். நாணல்கள் இருபுறமும் நனைந்து தொங்கின, எங்கோ ஒரு நீர்க்கோழி ஒரே ஒரு தடவை கேவிவிட்டு வாயை மூடிக்கொண்டது, படகின் அடியில் உரசிப்போகும் தண்ணீர் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு சிரிப்பது போலவே இருந்தது, அது வால்சேனின் சிரிப்பாக இருக்க வேண்டும் என்று ஒதிலோன் மிகவும் விரும்பினான்.

கழி ஒரு இடத்தில் சேற்றில் சிக்கியது. இழுத்தான். வரவில்லை. கீழே இருந்து யாரோ பிடித்துக்கொண்டிருப்பதைப் போல இறுகி நின்றது. நிதானமான ஆள் கழியை விட்டிருப்பான். ஒதிலோன் அதன் பரம்பரையையே திட்டி, இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து உலுக்கினான். படகு அவன் காலுக்கடியிலிருந்து மெல்ல நழுவிப் பனிக்குள் போய்விட்டது.

கழியோடு ஒரு நொடி தொங்கினான். பிறகு சறுக்கினான். முழங்கால். தொடை. இடுப்பு. சேறு குளிராக இல்லை. அதுதான் முதலில் பயமுறுத்தியது. ஆள் படுத்து எழுந்த மெத்தை மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது.

தண்ணீர் ஏறும் நேரம் அது. துப்பாக்கி தோளில் இருந்தது. மூன்று தோட்டா. மூன்று போதும். குழலை வானத்துக்குத் தூக்கினான்.

முதல் வெடி.

அருள் நிறைந்த மரியே சொன்னான். வேகமாகச் சொன்னான்.

இரண்டாவது வெடி.

மறுபடி சொன்னான். முழுதாகச் சொன்னான். இழுத்தான்.

போல்ட் பாதியில் நின்றது.

விரல் விட்டு நெம்பினான். ஊறிய சிவப்புக் காகிதம் அவன் நகத்தில் பிய்ந்து வந்தது. ஈயக் குண்டுகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விழுந்தன. ப்ளிக். ப்ளிக். மெழுகு இல்லை. மெழுகு எப்படி இருக்கும்.

கேம்ப்பில் இப்போது என்ன நடக்கும் என்று அவனுக்குத் துல்லியமாகத் தெரியும். அஸெலி கரண்டியை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்குவாள். வால்சேன் இன்னும் கோபமாக இருப்பான். ரெண்டு வாத்து என்பான்.

தண்ணீர் மார்புக்கு வந்தது.

எவ்வளவு நேரமோ. பிறகு பனிக்குள், நாணலுக்கு அந்தப் பக்கம், அந்தச் சத்தம்.

க்ளக். குழாய்க்குள் ஒரு தோட்டா ஏறுகிறது.

க்ளக்.

க்ளக்.

மூன்று காலையும் காணாமல் போனவை. மூன்று பச்சைத் தோட்டா. காய்ந்தவை. அங்கே ஒரு போல்ட் முன்னால் பாய்ந்து மூடியது. சுத்தமாக. எண்ணெய் விட்டதுபோல. எந்தக் கோளாறும் இல்லை.

"மாமா," என்றான் ஒதிலோன். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை.

வெடித்தது. தலைக்கு மேல் நாணல் பூக்கள் சிதறி விழுந்தன.

இடைவெளி. யாரோ மந்திரம் சொல்கிறார்கள். வாயில் சேறு நிறைந்த குரல். நிறுத்தி, நிதானமாக.

வெடித்தது. இன்னும் பக்கத்தில்.

இரண்டு வெறுங்கூடுகள் தண்ணீரில் மிதந்து அவன் மார்பில் மோதின. பச்சை. இன்னும் சூடு. திருப்பிப் பார்த்தான். இரண்டிலும் வட்டம் இல்லை.

வட்டம் போட்டது உள்ளே இருக்கிறது.

அது வெடித்தால் மூன்று. மூன்று கேட்டால் கேம்ப்பில் நாற்காலி பின்னால் தள்ளப்படும். அஸெலி கத்துவாள். வால்சேன் கோபத்தை மறந்து படகில் குதிப்பான். அது வெடிக்க வேண்டும். வெடிக்கக் கூடாது. அவன் பல்லைக் கடித்தான். கடைசியாகக் கோபப்பட ஆள் தேடினான். ஒருவரும் இல்லை.

பனி விலகியது. ஒரு கை தூரத்தில் துருப்பிடித்த குழல். அதன் வாயிலிருந்து தண்ணீர் சொட்டியது. குழலைப் பிடித்திருந்த விரல்களின் நுனிகளில், ஒவ்வொன்றிலும், வெள்ளையாக, கவனமாகத் தோய்த்த மெழுகு.

மந்திரம் முடியப்போனது. ஒதிலோனும் கூடவே சொன்னான், மெதுவாக, இன்னும் மெதுவாக. இப்பொழுதும். எங்கள் மரண நேரத்திலும்.

ஆமென் மட்டும் மிச்சம் இருந்தது.

தெயோஜேனுக்கு இந்த மார்ச்சில் தொண்ணூற்றிரண்டு வயது முடிகிறது. போன ஞாயிறு பூசைக்கு என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். சரி, ஆணை ஆணைதான்; பூட்ஸை மாட்டிக்கொண்டு சதுப்பில் இறங்கப் போகிறேன்.