போட்டு வாறன்

அன்றைக்குக் குழந்தை கையை எடுத்து முகத்தை மூடவில்லை.

அந்த ஸ்கான் டிவிடியை துஷ்யா எத்தனை தடவை பார்த்திருப்பாள் என்று கணக்கில்லை. பியானோ தொடங்கும், செம்மண் நிறத்தில் பிள்ளையின் முகம் மெல்ல மெல்லத் தெளியும், மூக்கு கஜரூபனுடையது, வாய் தன்னுடையது என்று அவள் மனதுக்குள் பங்கு பிரிப்பாள், பியானோ ஒரு சுற்று முடிந்து மறுபடி ஏறுகிற இடத்தில் பிள்ளையின் கை எழும்பி, வெட்கப்பட்டதுபோல முகத்தை மூடிக்கொள்ளும். அந்த இடத்தில் அவள் எப்போதும் சிரிப்பாள். அன்றைக்கும் சிரிக்க வாயைத் திறந்துவிட்டாள், கைதான் வரவில்லை. பியானோ ஏறி இறங்கி முடிந்துபோனது. முகம் திறந்தபடியே இருந்தது.

தப்பான இடத்தில் பார்த்துவிட்டோம் என்று நினைத்து முதலிலிருந்து ஓடவிட்டாள். கை வரவில்லை.

எல்லிங்ஸ்ருட் என்ற அந்த நோர்வீஜிய ஊரில் மார்கழி மாதத்தில் பின்னேரம் தேநீர் குடித்து முடிப்பதற்குள் இருட்டிவிடும். எதிர் மாடிக்கட்டட யன்னல்களில் நத்தாருக்கான கடதாசி நட்சத்திர விளக்குகள் எரிந்தன. சுவரோடு பொருத்திய ஹீற்றரில் தூசி கருகும் மணம், குளியலறையில் எங்கோ ஒரு சொட்டு, மேல் வீட்டில் யாரோ கதிரையை இழுக்கும் சத்தம். எல்லாம் வழக்கமான சத்தங்கள்தான். ஆனால் காலையிலிருந்து அவள் கேட்டுக்கொண்டிருந்தது இவற்றை அல்ல. ஏழு மாத வயிற்றில் ஒரு உதை. ஒரு புரளல். ஒரு விக்கல் என்றாலும் போதும் என்றிருந்தது. காலையிலிருந்து அது கிடைக்கவில்லை.

இந்த டிவிடி வந்ததே மேல் வீட்டு தீப்தியால்தான். அவள் சென்னைக்காரி, புருஷனுக்குக் கணினி வேலை. "டாக்டர் எடுக்கிற ஸ்கேன்ல என்னங்க தெரியுது? அங்க போங்க, சோபால உக்காந்து குழந்தையோட முகத்தையே பார்க்கலாம்" என்று சொல்லி, தன் மகளின் படத்தையும் காட்டினாள். யாரைத்தான் ஆசை விட்டது. சுகாதார நிலையத்து மருத்துவிச்சியிடம் துஷ்யா கேட்டபோது அந்த நோர்வீஜியப் பெண் பேனையை வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்: "போகாதே என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவர்கள் படம் எடுக்கிறவர்கள், உன் பிள்ளைக்கு என்ன என்று பார்க்கிறவர்கள் அல்ல. அசைவு குறைந்தால் எந்தப் படத்தையும் பார்த்து மனதைத் தேற்றாதே. உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் எடு."

துஷ்யா தலையாட்டினாள். தலையாட்டுவது சுலபம்.

தீப்தி சொன்ன அந்த ஸ்கான் இடம் ஒரு கடைத்தொகுதியின் பின்பக்கம் இருந்தது. வனிலா மெழுகுதிரி மணம், தடித்த திரைச்சீலை, சுவரளவு திரை. கருவியைப் பிடித்திருந்த பெட்டை நன்றாகச் சிரித்தாள், பிள்ளை முகம் காட்டுமட்டும் நெடுநேரம் வயிற்றை அழுத்தி அழுத்தி உருட்டினாள். பிள்ளைக்குப் பின்னால் வரிசையாகத் தெரிந்த உருண்டைகள் என்னவென்று துஷ்யா கேட்டதற்கு, "நிழல். எல்லோருக்கும் வரும்" என்றாள். அவள் தாதியில்லை என்பது துஷ்யாவுக்குப் பிறகுதான் தெரிந்தது.

இப்போது ரீவியில் அந்த உருண்டைகள், சின்னச் சின்னத் தலைகள்போல, முன்னையைவிடக் கிட்ட இருந்தன.

அவள் கைபேசியை எடுத்தாள். ஆஸ்பத்திரி இலக்கத்தைத் தேடிய விரல், பழக்கத்தில் புருஷனை அழைத்தது. கஜரூபன் பஸ் ஓட்டுகிறவன், கடைசித் தரிப்பில் நின்றிருந்தான்.

"பிள்ளை அசையேல்லை. விடியத்தொடங்கி அசையேல்லை."

"நித்திரையா இருக்கும். அந்த டிவிடியைப் போட்டுப் பாருமன். என்ன துள்ளுத் துள்ளுது."

"அதுவும் மாறிப்போச்சு. கை எடுக்குதில்லை. என்னைப் பாத்துக்கொண்டு நிக்குது."

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் எண்டு சும்மாவே சொன்னவை. நீர் தனிய இருந்து யோசிக்காதையும். நான் பஸ்ஸுக்கு ஆளை மாத்திப்போட்டு வாறன்."

போட்டு வாறன்.

அந்தச் சொல் அவளுக்குள் போய் எங்கோ தட்டி நின்றது. ஸ்கான் எடுத்த அன்று, அது முடிந்து, வயிற்றிலிருந்த பசையைத் துடைத்து, கோட்டுப் போட்டுக்கொண்டு வெளிக்கிடும்போது திரையில் பிள்ளையின் முகம் அப்படியே நிறுத்தப்பட்டிருந்தது. அவள் கிட்டப்போய், கன்னத்தைத் தொட்டு, "அம்மா போட்டு வாறன், என்ன" என்று விடை சொல்லியிருந்தாள். கஜரூபன்கூடச் சிரித்தான். "வயித்துக்குள்ளை இருக்கிற ஆளுக்கு ஆரும் அப்பிடிச் சொல்லுவினமே?"

சொல்லமாட்டார்கள். கூட வருகிற ஆளிடம் யாரும் விடைபெறுவதில்லை. அங்கேயே இருக்கப்போகிற ஆளிடம்தான் போட்டு வாறன் என்று சொல்வது.

துஷ்யா வேலை செய்வது பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில். பனிக்கால உடுப்போடு, தொப்பியும் போட்டு, வாசற்கதவைப் பார்த்தபடி நிற்கிற பிள்ளைகளை அவளுக்குத் தெரியும். மற்றப் பிள்ளைகளெல்லாம் போயிருப்பார்கள், அந்தப் பிள்ளையின் தாய் மட்டும் வந்திருக்கமாட்டாள். ரீவியில் இருந்தது அந்த முகம். கண் மூடியிருந்தாலும் அது அந்த முகம்தான். நான்தான் விட்டுவிட்டு வந்தேன் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது.

ஆஸ்பத்திரிக்கு எடுக்கவேண்டும். அது தெரியும். எடுத்து என்ன சொல்வது? பிள்ளை வயிற்றில் இல்லை, ரீவியில் நிற்கிறது என்றா?

அவள் பியானோச் சத்தத்தை நிறுத்தினாள். சத்தமில்லாமல் படம் ஓடியது. முடியவேண்டிய இடத்தில் முடியாமல் ஓடியது.

முழந்தாளிட்டு, அந்தப் பெரிய ரீவியின் கண்ணாடியில் வயிற்றை வைத்து அணைத்துக்கொண்டாள். கண்ணாடி இளஞ்சூடாக இருந்தது. சுவெற்றரின் நூல்களெல்லாம் படபடவென்று பொரிந்து கண்ணாடியில் ஒட்டின. கையிலிருந்த மயிர் எழும்பி நின்றது.

"குஞ்சு, அம்மா வந்திட்டன். வீட்டை போவம். வாங்கோ."

ஒன்றும் நடக்கவில்லை.

"வாங்கோ" என்றாள் மறுபடியும். கெஞ்சினாள். "வாங்கோ."

உள்ளே ஏதோ திடுமென்று பாரமாக இறங்கியது. பிறகு உதை. நல்ல, உரமான, விலாவுக்குக் கீழே நோகிற உதை. துஷ்யா நிலத்தில் இருந்துவிட்டாள். அழுதாள், சிரித்தாள், வயிற்றை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தாள். இவ்வளவு சந்தோசத்தை அவள் வாழ்க்கையில் அறிந்ததில்லை.

கதவு திறந்தது. கஜரூபன் சப்பாத்தையும் கழற்றாமல் பனியோடு ஓடிவந்தான். "என்ன நிலத்திலை இருக்கிறீர்?"

"இஞ்சை வையுங்கோ கையை. வையுங்கோ."

அவன் குளிர்ந்த கையை சுவெற்றருக்கு மேலே வைத்தான். உதைத்தது. அவன் முகம் மலர்ந்தது.

"பாத்தீரே. நான் சொன்னனான். இந்தா, இது கால்."

"ஓம்."

"இது மற்றக் கால். இது..." அவன் கை இடம் மாறியது. "இதென்ன, இஞ்சையும் கால்?"

அவள் ரீவியைப் பார்த்தாள். பிள்ளை அங்கே இல்லை. அதற்காகத்தானே அழைத்தாள். ஆனால் பின்னால் வரிசையாக இருந்த உருண்டைகளும் இல்லை. செம்மண் நிற வெறுமைதான். துடைத்து விட்டதுபோல.

வாங்கோ. ஒரு பிள்ளையை அழைத்தாலும் அந்தச் சொல்தான். ஒரு கூட்டத்தை அழைத்தாலும் அந்தச் சொல்தான்.

வயிறு இழுபட்டது. இடப்பக்கம். வலப்பக்கம். மேலே. ஒரே நேரத்தில்.

"துஷ்யா" என்றான் கஜரூபன். அவன் குரல் சின்னதாக இருந்தது.

அவள் சுவெற்றரை உயர்த்தினாள்.

விலாவிலிருந்து இடுப்பு வரைக்கும் தோல் மெலிந்து மினுங்கியது. அதற்கடியில் கைகள். சின்னச் சின்னக் கைகள், ஒன்றின்மேல் ஒன்று, விரல் விரித்து, உள்ளேயிருந்து அழுத்திக்கொண்டு. கஜரூபன் தன் கையை இழுத்துக்கொண்டான். ஒன்று அமிழ்ந்தால் அந்த இடத்தில் இன்னொன்று எழும்பியது. துஷ்யா குனிந்து, மூச்சு விடாமல், அவற்றில் எது தன் பிள்ளையின் கை என்று தேடிக்கொண்டிருந்தாள்.