பிழை எழுதிய கொப்பிகள்

"இந்தக் குப்பையையோ நாளைக்கு அந்த மனிசனுக்குக் காட்டப் போறீர்?"

வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்கே விஜயாவின் குரல் குசினியில் உயர்ந்துவிட்டது. மேசையில் பதினொரு கொப்பிகள் அடுக்கியிருந்தன. எட்டு மாதமாக ரூபி வீட்டிலிருந்து படித்ததெல்லாம் அவற்றில்தான் இருந்தது. வெட்டி வெட்டி எழுதிய கணக்குகள், கண்ணீர் பட்டு மை கலைந்த பக்கங்கள், ஒவ்வொரு பிழைக்கும் பக்கத்தில் நேசமலர் சிவப்புப் பென்சிலால் இட்ட தேதிகள்.

"பிள்ளை படிச்சது இதிலைதானே மச்சாள்... இதைக் காட்டாமல் வேறை எதைக் காட்டுறது?" தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே மெல்லச் சொன்னாள் நேசமலர்.

"பத்தொன்பது வருசம் மிஷன் பள்ளிக்கூடத்திலை படிப்பிச்சனான். இன்ஸ்பெக்டர் வாறார் எண்டால் என்ன செய்யவேணும் எண்டு நீர் எனக்குச் சொல்லித் தரவேண்டாம்! சுத்தக் கொப்பி மேசையிலை இருக்கவேணும். மற்றது நெருப்பிலை போகவேணும். எங்கடை பள்ளிக்கூடத்திலை ஒரு வெட்டுக் கிடந்தாலே தலைமை வாத்தியார் எங்களைத் தின்னுவார்!"

விஜயா, நேசமலரின் கணவன் தேவராஜாவுக்கு மூத்தவள். தனக்கென்று ஒரு வாழ்வு தேடாமல் தம்பியைப் படிக்கவைத்தவள். யாழ்ப்பாணத்திலிருந்து சிட்னிக்கு வந்து ஒரு வருடமாகிறது. உங்கள் பயிற்சிச் சான்றிதழ் இந்த நாட்டுக்குப் போதாது என்று ஒரு கடிதம் வந்தது. அதற்குப் பிறகு அவளுக்கு மிஞ்சியிருந்த ஒரே வகுப்பறை பென்டில் ஹில் வீட்டின் குசினி மேசை. ஒரே மாணவி, பத்து வயது ரூபி. கடைசி இரண்டு கிழமையாக அந்தப் பிள்ளையை இருத்திவைத்து, எட்டு மாதப் பாடத்தையும் பிழையில்லாமல் புதுக் கொப்பிகளில் எழுதுவித்திருந்தாள்.

நேசமலர் எட்டாம் வகுப்போடு நின்றவள். மச்சாளின் பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் அவள் என்ன பேசுவாள்? பின்வளவில் குப்பை எரிந்துகொண்டிருந்த இரும்பு டிரம்முக்குள் விஜயா கொப்பிகளை ஒவ்வொன்றாகப் போட்டதைக் குசினி ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ரூபி பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற கதை சின்னக் கதையல்ல. மற்றப் பிள்ளைகள் நிறத்தைச் சொல்லிச் சிரித்தார்கள். சாப்பாட்டுப் பெட்டியைக் குப்பைத் தொட்டிக்குள் கவிழ்த்தார்கள். பிள்ளை மூன்று மாதம் வகுப்பில் வாயே திறக்கவில்லை. புத்தி மந்தமான பிள்ளைகளோடு இருத்தலாம் என்று ஆசிரியை எழுதி அனுப்பிய அன்று, நேசமலர் தையல் தொழிற்சாலை வேலையை விட்டாள்.

"நான் வீட்டிலை வைச்சுப் படிப்பிக்கிறன். கர்த்தர் வழி காட்டுவார்," என்றாள்.

"வீட்டிலை படிக்கிற பிள்ளையளைப் பாக்கிற அரசாங்க இன்ஸ்பெக்டர் ஓம் எண்டால் ஓம். இல்லையெண்டால் அதோடை கதை முடிஞ்சுது," என்றான் தேவராஜா. ரயில் பட்டறையில் இரண்டு ஷிஃப்ட் செய்பவனுக்கு வீட்டில் நடப்பதைப் பார்க்க நேரம் இருக்கவில்லை.

அவள் படிப்பித்த விதத்தை அவன் கண்டிருந்தால்! காலையில் ஜெபமும் வேதவாசிப்பும். மனம் களைக்குமுன், பத்து மணிக்குள் கணக்கு. அரிசி அளக்கும்போது காலும் அரையும் முக்காலும். தனக்குத் தெரியாததைத் தெரிந்ததுபோல் அவள் ஒருநாளும் காட்டவில்லை. "எனக்கும் தெரியாது, வா பாப்பம்" என்று பிள்ளையோடு சேர்ந்து நூல்நிலையத்துக்கு நடந்தாள். ஒரு பிழை வந்தால் அதற்குத் தேதி போட்டு, ஒரு மாதம் கழித்து அதே கணக்கைத் திரும்பக் கொடுத்தாள். அழவைத்துப் படிப்பித்த நாளில் பாடத்தை அப்படியே நிறுத்தி, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டாள். வாய் திறக்காத ரூபி ஆறாம் மாதம் பாட்டுப் பாடிக்கொண்டு உடுப்புக் காயப்போட்டாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். உயரமான மனிதர், நல்ல மரியாதை. தேத்தண்ணியை வாங்கிக் குடித்துவிட்டு, சுத்தக் கொப்பிகளை ஒவ்வொன்றாகத் திருப்பினார். முகத்திலிருந்த சிரிப்பு பக்கத்துக்குப் பக்கம் குறைந்துகொண்டே வந்தது.

"இதில் பிழைகள் எங்கே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஒரு பிழையும் இல்லை, சேர்!" விஜயா பெருமையோடு நிமிர்ந்தாள்.

"பிழையே விடாத பிள்ளைக்கு நீங்கள் என்னதான் கற்பித்தீர்கள்?"

அவர் ஒரு தாளில் பிரித்தல் கணக்கொன்றை எழுதி ரூபியின் முன் வைத்தார். ரூபி பென்சிலை எடுத்தாள். அறிமுகமில்லாத வெள்ளைக்கார முகம் குனிந்து தன்னைப் பார்க்கிறது... அவ்வளவுதான்! விரல்கள் விறைத்துவிட்டன. பழைய வகுப்பறையின் மௌனம் முழுவதும் அந்தக் குசினிக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. பென்சில் அசையவேயில்லை.

"இவை பெரியவர் ஒருவர் செய்த வேலை என்று நினைக்கிறேன். பிள்ளை நாளாந்தம் எழுதிய கொப்பி ஏதும் இல்லையா?"

நேசமலர் மச்சாளைப் பார்த்தாள். விஜயா நிலத்தைப் பார்த்தாள்.

"நான்... எரிச்சுப் போட்டன், சேர்," என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாள் நேசமலர்.

திங்கட்கிழமை முதல் ரூபி பள்ளிக்கூடம் போகவேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு அவர் போனார்.

பின்னேரம் தேவராஜா அந்தத் தாளை வாசித்தான். முகம் கறுத்தது. வழக்கமாக 'நீர்' என்று கதைப்பவன் அன்று 'நீ' என்று இறங்கிவிட்டான்.

"பிள்ளையின்ரை பேரிலை நீயே எழுதி வைச்சனியோ? எரிச்சுப் போட்டு, அரசாங்க மனிசனுக்குப் பொய் காட்டினியோ? வேதம் வாசிக்கிற வீடோ இது!"

"இல்லையுங்கோ... பிள்ளைதான் எழுதினது..."

"அப்ப கொப்பி எங்கை? ஏன் எரிச்சனீ? சொல்லு!"

அவள் சொல்லவில்லை. போன மாதம்தான், அக்கா இனி வீட்டு விஷயத்தில் தலையிட்டால் அவளை ஊருக்கே அனுப்பிவிடுவேன் என்று அவன் கத்தியிருந்தான். ஊரில் விஜயாவுக்கு யார் இருக்கிறார்கள்? சான்றிதழையும் இழந்தவள் தம்பியையும் இழக்கவேண்டுமா?

"அப்பா, மாமிதான்..." கதவடியில் நின்ற ரூபி வாயெடுத்தாள்.

"ரூபி! உள்ளை போ!"

பிள்ளை தாயை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள். அந்தப் பார்வை நேசமலரின் நெஞ்சைக் கிழித்தது. பேசப் பழக்கிய பிள்ளையின் வாயைத் தானே பொத்திவிட்டாளே!

ஞாயிற்றுக்கிழமை கோவிலில் அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்து. அங்கே வேறு தமிழர் இல்லை. வரிசை வரிசையாக எழுந்து பீடத்தடியில் போய் முழங்காலிட்டார்கள். இவர்களுடைய வரிசை வந்தது. தேவராஜா எழுந்தான். நேசமலர் எழும்பவில்லை. ஒருவர்மேல் மனத்தாங்கலை வைத்துக்கொண்டு அந்த அப்பத்தில் கை வைக்கக் கூடாது என்பது அவள் பிறந்த வீட்டு ஒழுங்கு. மனத்தாங்கல் இருந்தது. மச்சாள்மேல், கணவன்மேல், எல்லாவற்றுக்கும் மேலாகத் தன்மேலேயே.

செய்த குற்றந்தான் இவளைப் போகவிடவில்லை என்ற எண்ணத்தில், தேவராஜா அவளைத் திரும்பிப் பாராமலே போனான்.

அவர்கள் இருந்த நீள வாங்கில் இன்னொருத்தியும் எழும்பவில்லை.

"நீங்கள் போகேல்லையோ மச்சாள்?"

"என்னெண்டு போவன் நேசம்... என்னெண்டு போவன்?" விஜயாவின் குரல் உடைந்தது. "நெருப்பு வைச்சது நான். பழி சுமக்கிறது நீர். மூண்டு நாளாய் உம்மடை கையாலை சோறு திண்டன்... ஒரு சொல்லுக்கூட நீர் என்னைக் கேக்கேல்லையே! ஒருக்கால் ஏசியிருந்தால் ஆறியிருப்பன்!"

"ஏசினால் கொப்பி திரும்பி வருமோ?"

"இஞ்சையும் நான் ஒரு ரீச்சர் எண்டு அந்த மனிசனுக்குக் காட்ட ஆசைப்பட்டனான், நேசம். அவ்வளவுதான்... அந்த ஆசையாலை பிள்ளையைக் கொண்டுபோய்த் திரும்ப அந்தப் பள்ளிக்கூடப் படுகுழிக்குள்ளை தள்ளிப் போட்டன்!"

பீடத்தடியிலிருந்து திரும்பி வந்த தேவராஜா வாங்கின் ஓரத்தில் அப்படியே நின்றுவிட்டான்.

"அக்கா... நீங்களோ எரிச்சனீங்கள்?"

"ஓமடா தம்பி. நான்தான். அந்தப் பிள்ளை எழுதின ஒவ்வொரு எழுத்தும் அதின்ரை சொந்த எழுத்து. பக்கத்திலை இருந்து பாத்தனான். உன்ரை மனிசி பொய்க்காரி இல்லை. என்னை ஊருக்கு அனுப்பு... ஆனால் இவளை ஒண்டும் சொல்லாதை!"

நேசமலர் அவளை இழுத்துத் தன் தோளோடு அணைத்துக்கொண்டாள். இரண்டு பேருடைய அழுகையும் ஓர்கன் சத்தத்துக்குள் அடங்கியது. முன்வரிசைக் கிழவி திரும்பிப் பார்த்து, ஒன்றும் விளங்காமல் கண்ணைத் துடைக்க ஒரு கைலேஞ்சியை நீட்டினாள்.

வெளியே வந்ததும் தேவராஜா தலையைக் குனிந்தான். "நேசம்... நான் உம்மை வாய்க்கு வந்தபடி சொல்லிப் போட்டன். மன்னியும்."

"என்னட்டைக் கேட்டு என்ன? நாளைக்குக் காலமை அங்கை போறது நான் இல்லையே."

அவன் தாயின் பக்கத்தில் நின்ற ரூபியின் முன் குந்தி இருந்தான். ரூபி அவனுடைய கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

அன்று பின்னேரம் விஜயா இன்ஸ்பெக்டருக்குக் கடிதம் எழுதினாள். நடந்ததை ஒன்றும் மறைக்கவில்லை. தாய் சொன்னது தன்னைக் காப்பாற்றச் சொன்ன பொய் என்றும், பிள்ளையை இன்னொருமுறை, தாய் அவளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும்போது பார்க்கவேண்டும் என்றும் கேட்டிருந்தாள். அவர் வருவாரோ வரமாட்டாரோ, யாருக்குத் தெரியும்? சட்டம் அதுவரை காத்திருக்காது.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் ரூபியும் நேசமலரும் விஜயாவும் நின்றார்கள். ரூபி தாயின் விரலை விடவில்லை.

"அம்மா... நான் பிழை விட்டால் அவையள் சிரிப்பினம்."

நேசமலர் குனிந்து பிள்ளையின் கழுத்துப்பட்டியைச் சரிசெய்தாள்.

"சிரிக்கட்டும். நீ வெட்டாமல், அழிக்காமல் அப்பிடியே வீட்டை கொண்டு வா. நான் பாக்கவேணும்."

"எல்லாப் பிழையையுமோ?"

"எல்லாத்தையும், என்ரை குஞ்சு."

மணி அடித்தது. ரூபி விரலை விட்டுவிட்டு நடந்தாள். பாதி வழியில் ஒரு பையன் எதையோ சொல்லிக் கத்தினான். அவளுடைய தோள்கள் ஒருதரம் ஒடுங்கின. நிற்கவில்லை, நடந்தாள்.

"வீட்டை போவமோ?" என்று விஜயா கேட்டாள்.

"நீங்கள் போங்கோ மச்சாள். சமையல் கிடக்கு," என்றாள் நேசமலர்.

விஜயா போகவில்லை. வேலிக் கம்பியைப் பிடித்திருந்த நேசமலரின் கைக்குப் பக்கத்தில் தன் கையையும் வைத்துக்கொண்டு நின்றாள்.