தகட்டின் தடம்

ஹால் சுவரில் ஒரு கோடு விழுந்திருந்தது. காலையில் அது இல்லை.

விரிசல் என்றுதான் பல் டாக்டர் முதலில் நினைத்தார். விரலை வைத்துப் பார்த்தார். விரிசல் இல்லை. அழுத்திப் பதித்த பள்ளம். பழைய டச்சு நகரக் காட்சிப் புத்தகங்களைத் தேடித் தேடி வாங்கிய அவர் விரலுக்கு அந்தப் பள்ளம் அத்துப்படி. கோடு செதுக்கிய செப்புத் தகட்டை ஈரத் தாளில் அழுத்தும்போது படத்தைச் சுற்றி நாலு பக்கமும் தகட்டின் விளிம்பு பதியும். தடம் இருந்தால் அசல். இல்லையென்றால் போலி.

"இப்ப சுவரையும் தடவ ஆரம்பிச்சாச்சா?" சமையலறையிலிருந்து மனைவியின் குரல். "அந்த அக்கறையில கால்வாசி எனக்குக் கிடைச்சிருந்தா..."

மத்தியானம் அறுத்த புத்தகம் மேஜையில் கிடந்தது. கால்வாய், பாலம், காற்றாலை எல்லாம் இருந்த முழுப் புத்தகம். அதைவிட அரிதான அவருடைய இன்னொரு பிரதியில் ஒரு படம் குறைந்தது. அதன் பக்கங்களும் சின்னவை; ஓரத்தோடு படம் அடங்காது. அதனால் எஃகு ஸ்கேலைத் தடத்தின் மேலேயே வைத்து, கத்தியால் ஒரே இழுப்பு. படம் அந்தப் பிரதிக்கு. வெளியே நின்ற ஓரம் குப்பைக்கு.

பள்ளத்தைத் தடவிக்கொண்டே நடந்தார். அது அலமாரிக்குப் பின்னால் நுழைந்து, கூரையில் ஏறி, எதிர்ச் சுவரில் இறங்கி, சமையலறை வாசற்படியில் தரையோடு தரையாக ஓடியது. ஈரத் தாளின் வாடையும் மையின் காரமும் மூக்கில் ஏறின. தெருவில் ஒரு வண்டிச் சத்தம்கூட இல்லை. நாற்காலியின் நிழலைப் பார்த்தார். அது நிழலாக இல்லை. கோடுகள். மெல்லிய, நெருக்கமான, குறுக்கும் நெடுக்குமான கோடுகள்.

தன் கையைப் பார்த்தார்.

அதிலும்.

வெளிச்சம் மங்கியது. கூரையில், பள்ளத்தை ஒட்டி, நேராக ஒரு பளபளப்பு வந்து படிந்தது. நீளமாக. குளிர்ந்து. எஃகு ஸ்கேல்.

அடுத்து என்ன வரும் என்று அவருக்குத் தெரியும்.

மனைவி வாசற்படியில் நின்றிருந்தாள்.

"தள்ளிப் போ! அங்க நிக்காதே!"

"நான் ஏன் தள்ளிப் போகணும்? இது என் வீடு. புத்தகத்தை வேணா தள்ளுங்க."

"சொன்னா கேளு! சமையலறைக்குள்ள போயிடு!"

"இத்தனை வருஷம் கேட்டுக் கிழிச்சது போதும்."

வேண்டுமென்றே வலது காலைத் தூக்கி ஹாலுக்குள் வைத்தாள். இடது கால் சமையலறையிலேயே நின்றது. அவர் பாய்ந்து அவள் கையைப் பிடித்து ஹாலுக்குள் இழுத்தார்.

"விடுங்க கையை!"

விறைத்து நின்றாள். அசைக்க முடியவில்லை.

கூரை மூலையில் 'சரக்'கென்று ஏதோ இறங்கியது. பிறகு அதே சத்தம், நிதானமாக, பள்ளத்தின் மேலேயே, வாசலை நோக்கி வந்தது.

அவளுடைய இரண்டு பாதங்களுக்கும் நடுவில் அந்தக் கோடு.