துரைக்கு எழுதிய வசனம்

இரண்டாம் உலகச் சண்டை முடிந்த மறு வருஷம், கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் அம்மாவுக்கு ஒரேயொரு எதிரிதான் இருந்தார். அவர் அப்புத்தளைக்கும் மேலே, மலை உச்சியில் இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தின் துரை. அம்மா அவரைக் கண்ணாலும் கண்டதில்லை. ஆனாலும் விடிந்தால் பொழுதுபட்டால் அவருக்குத் திட்டுத்தான்.

காரணம் இல்லாமல் இல்லை. அந்தத் தோட்டத்தில் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. தாய்மார் கொழுந்து பறிக்கப் போக, சின்னப் பெண்கள் வீட்டில் குழந்தை பார்ப்பார்கள். கொஞ்சம் வளர்ந்ததும் அவர்கள் முதுகிலும் கூடை ஏறிவிடும். "நாங்கள் பள்ளிக்கூடம் கட்டித் தருகிறோம், நீங்கள் துண்டுக் காணி மட்டும் தாருங்கள்" என்று அம்மாவின் மாதர் சங்கம் துரையிடம் கேட்டது. துரை தரவில்லை. அவர் சொன்ன பதிலை அம்மா எங்களுக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பாரோ தெரியாது.

"பெட்டையள் படிக்கப் போனால் வேலையை ஆர் செய்யிறது எண்டு கேக்கிறாராம். பாருங்கோவன் கதையை. அந்தாளுக்கு நெஞ்சிலை ஈரமே இல்லையோ?"

"ஓம், ஓம்," என்று அப்பா பேப்பரைப் புரட்டுவார்.

துரை தராவிட்டால் போகட்டும், தோட்டத்துக்கு வெளியே காணி வாங்கிக் கட்டுவோம் என்று சங்கம் முடிவு செய்தது. அதற்குப் பணம் சேர்க்க ஒரு நாடகம். எழுதியது அம்மாதான். துரை வேஷம் மூன்றாம் வீட்டு நேசமலர் மாமிக்கு. மாமி தன் புருஷனின் தொப்பியைப் போட்டு, கரியால் மீசை வரைந்துகொண்டு எங்கள் விறாந்தையில் நடந்தபோது, பால்காரன் பயந்துபோய்ப் படலையிலேயே நின்றுவிட்டான்.

படிக்க ஆசைப்படும் மலைநாட்டுச் சிறுமி வேஷம் எனக்கு. எனக்குப் பதினொரு வயது. துரையின் காலடியில் விழுந்து நான் கெஞ்ச வேண்டும். அந்த இடத்தில் சபை அழ வேண்டும் என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

ஒத்திகைக்கு நான் என் நல்ல பாவாடையோடு போய் நின்றேன். சங்கத்து மாமிமார் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள்.

"கனகத்தைப் பாத்தால் ஏழைப் பிள்ளை மாதிரித் தெரியேல்லையே," என்றார் ஒருவர்.

"அது பெரிய விசயமே?" என்ற அம்மா உள்ளே திரும்பிக் கூப்பிட்டார். "அங்கம்மா, உன்ர பழைய பாவாடையைக் கொண்டு வா."

அங்கம்மா எங்கள் வீட்டில் வேலை செய்யும் பிள்ளை. அவளுக்கும் என் வயதுதான். அவளும் அந்த அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்தவள். கூட்டுவாள், தேங்காய் துருவுவாள், பாத்திரம் கழுவுவாள், அப்பாவின் சப்பாத்துக்குப் பொலிஷ் போடுவாள். காலையில் என் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூட வாசல்வரை வந்து, என்னிடம் தந்துவிட்டுத் திரும்பிப் போவாள்.

அவள் பாவாடையை மடித்துக் கொண்டுவந்து தந்தாள். கீழ்க்கரை முழுவதும் கிழிந்து கிழிந்து தைத்த பாவாடை. நான் உடுத்தி வந்து கொழுந்துக் கூடையை முதுகில் தொங்கவிட்டதும், அதன் கயிற்றை என் தலையில் சரி செய்தாள்.

"நெத்தியில இல்லீங்க சின்னம்மா. உச்சியில வரணும். இல்லாட்டி கழுத்து வலிக்கும்," என்றாள்.

பிறகு தேத்தண்ணித் தட்டத்தோடு கதவோரம் போய் நின்றாள்.

நான் விழுந்து கும்பிட்டேன். "ஐயா, என் தலையில் கூடையை ஏற்றினீர்கள். என் கையில் ஒரு சிலேட்டைத் தரக்கூடாதா?" என்று குரல் நடுங்கச் சொன்னேன். நன்றாகத்தான் நடித்திருக்கிறேன். முன்னால் இருந்த மாமி ஒருவர் லேஞ்சியால் கண்ணைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே, திரும்பியும் பார்க்காமல், வெறுங்கோப்பையை அங்கம்மாவின் தட்டத்தில் வைத்தார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. என் பொய் அழுகைக்குக் கண்ணீர் விடுகிறார்கள். உண்மையான பிள்ளை பக்கத்தில் நிற்கிறாள், அவளுடைய கையில் எச்சில் கோப்பை. இது என்ன நியாயம்?

நான் எழுந்துவிட்டேன். "அம்மா, அங்கம்மா ஏன் பள்ளிக்கூடம் போறேல்லை?"

"இதென்ன இப்ப? வசனத்தைச் சொல்லு."

"எங்கட பள்ளிக்கூடம் றோட்டு முடக்கிலைதானே இருக்கு? இவளுக்குக் காணியும் வாங்கத் தேவையில்லை, கட்டவும் தேவையில்லை. ஏன் அனுப்பேல்லை?"

"அவள் படிக்கப் போனால் வேலையை ஆர் செய்யிறது?" என்று அம்மா வெடுக்கென்று கேட்டார்.

நேசமலர் மாமி அவசரமாகத் தன் தாளைப் புரட்டினார். "பத்மாவதி, அது என்ர வசனமெல்லோ? நீங்கள் ஏன் சொல்லுறியள்?"

ஒருவரும் சிரிக்கவில்லை. மாமிக்குத் தான் என்ன சொன்னோம் என்று விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. அம்மாவின் முகம் வெளிறிப்போனது. அன்றைக்கு ஒத்திகை அத்தோடு முடிந்தது.

எல்லாரும் போன பிறகு எனக்கு நல்ல பூசை கிடைத்தது. "சபைக்குள்ளை என்ர மானத்தை வாங்கிப்போட்டாய்," என்று சொல்லிவிட்டு, தலையிடிக்கிறது என்று அம்மா போய்ப் படுத்துவிட்டார்.

நான் பாவாடையைக் கழற்றி எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனேன். அங்கம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் யோசித்தேன், இவ்வளவு கத்திய நானும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே.

"அங்கம்மா, உனக்குப் படிக்க விருப்பமோ?"

"அம்மா ஏசுவாங்க, சின்னம்மா."

"அதை விடு. உனக்கு விருப்பமோ?"

அவள் துருவுவதை நிறுத்தவில்லை. "இங்க கூட்டியாரப்போ ரயிலு நின்ன எடத்துல எல்லாம் போர்டு இருந்துச்சு. வாசிக்கத் தெரிஞ்சிருந்தா எல்லாத்தையும் மனசுல வச்சிருப்பேன். எங்க எறங்கணும்னு தெரிஞ்சா நானே எங்கம்மாகிட்ட போயிருவேன்ல?"

பாவாடையை அவளுக்குப் பக்கத்தில் வைத்தேன். நேரே அம்மாவிடம் போனேன். அங்கம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"முத்தம் நான் கூட்டுறன்," என்றேன். "அவரவர் கோப்பையை அவரவர் கழுவலாம். என்ர பையை நானே தூக்குவன், எனக்குக் கையிருக்கு."

"அப்பாவின்ர சப்பாத்து?" என்றது சுவர்ப் பக்கமிருந்து வந்த குரல்.

"அப்பாவுக்கும் கையிருக்கு."

விறாந்தையில் பேப்பர் சரசரப்பது சட்டென்று நின்றது.

அடுத்த நாள் காலை அம்மா வெளியே போகும் சேலையை உடுத்தார். என்னுடைய கவுண் ஒன்றை அங்கம்மாவுக்குப் போட்டு, கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் வந்தார். நானும் பின்னால் ஓடினேன்.

"ஆர் இந்தப் பிள்ளை?" என்று தலைமை ஆசிரியை கேட்டார்.

அம்மா அவளை முன்னால் நிறுத்தினார். "எங்கட வீட்டிலை வேலை செய்யிற பிள்ளை. முந்தியே கொண்டுவந்திருக்க வேணும், கொண்டுவரேல்லை. தீபாவளி விடுமுறைக்குத் தாயிட்டை அனுப்புவன். அதுக்குள்ளை இவளுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிய வேணும்."

அங்கம்மாவைப் பாலர் வகுப்பில் இருத்தினார்கள். குட்டி வாங்கில் முழங்கால் முட்ட அவள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துச் சின்னதுகள் சிரித்தன. அவளும் சேர்ந்து சிரித்தாள். எங்கள் வீட்டில்தான் கொஞ்சம் கஷ்டம். நான் கூட்டிய முற்றத்தை அம்மா திரும்பக் கூட்டினார். அப்பா கறுப்புச் சப்பாத்துக்கு மண்ணிறப் பொலிஷ் போட்டுக்கொண்டு கந்தோருக்குப் போய்விட்டார்.

நாடகம் நடந்தது. என்னுடைய பழைய பாவாடை ஒன்றைத் தேடி எடுத்துத்தான் நடித்தேன். காணி வாங்கப் பணமும் சேர்ந்தது.

அது முடிந்த இரண்டாம் நாள், நேசமலர் மாமி மூச்சிரைக்க எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் வீட்டிலும் மலைநாட்டிலிருந்து வந்த ஒரு பிள்ளை இருந்தாள். ராக்கு என்று பெயர்.

"பத்மாவதி, இதென்ன வேலை பாத்து வைச்சிருக்கிறியள்? எங்கட ராக்கு வந்து எனக்கு முன்னாலை நிண்டு, தானும் பள்ளிக்கூடம் போகட்டோ எண்டு கேக்கிறாள். இவ்வளவு நாளும் வாய் திறவாத பெட்டை."

அம்மா தன் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் திரும்பினார்.

"கேக்கட்டும் நேசமலர். அவையள் கேக்க வேணுமெண்டுதானே நாங்கள் நாடகம் போட்டனாங்கள்?"

மாமி தேத்தண்ணியும் குடிக்காமல் போய்விட்டார். ஆனால் திங்கட்கிழமை காலையில் பார்த்தால், ராக்குவின் தலையை எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னி, "பராக்குப் பாக்காமல் படிக்க வேணும், விளங்கிச்சோ?" என்று ஏசிக்கொண்டே பாலர் வகுப்பு வாசலில் நின்றார் மாமி. உள்ளே அங்கம்மா நகர்ந்து ராக்குவுக்கு இடம் விட்டாள்.